தி லாஸ்ட் ஆஃப் அஸ்: அஞ்சு வருஷம் ஆடினப்புறம் எழுதுறேன்

வேலூர் சத்துவாச்சாரில வீடு. 2020ல செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4, அதான் ப்ளேஸ்டேஷன் கேம் மெஷின், ஒண்ணு வாங்கினேன், கூட ஒரே ஒரு டிஸ்க், தி லாஸ்ட் ஆஃப் அஸ். 2013ல பிஎஸ்3க்கு வந்த கேம், அடுத்த வருஷமே பிஎஸ்4க்கும் வந்துச்சு. இதுவரைக்கும் மூணு வாட்டி முடிச்சிட்டேன், நடுவுல 2023ல சீரிஸா வந்தப்போ ஒம்போது எபிசோடும் அம்மாவோட ஒக்காந்துகினு பார்த்தாச்சு. முடிவு தெரியக்கூடாதுன்றவங்க இதோட நிறுத்திக்கோங்க.

மெஷின் பரவால்ல. அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊரு வெயிலுக்கு உள்ள ஃபேன் போடுற சத்தம் பக்கத்து ரூமுக்கே கேக்கும், அதனால மத்தியானத்துல ஆடமாட்டேன். கன்ட்ரோலர் மட்டும் ரெண்டாவது மாசமே ஸ்டிக் தானா ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிச்சிடுச்சு, வித்த கடைல கேட்டா கண்டுக்கவே இல்ல.

கதைக்கு வரேன். நாம ஆடுறது ஜோயல்ன்ற ஆளா, ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க எல்லின்ற பொண்ணைக் கூட்டிகினு போறான். கடைசில ஆஸ்பத்திரி. எல்லிய ஆபரேஷன் டேபிள்ல படுக்க வெச்சிருக்காங்க, பண்ணா அவ செத்துடுவா, டாக்டர் கையில கத்தியோட குறுக்க நிக்கிறாரு. அவரைக் கொல்லாம தாண்ட முடியாது, வேற வழியே குடுக்கல. மொத வாட்டி நான் பட்டனை அழுத்தாம நின்னுகினே இருந்தேன், கேமும் அப்படியே நின்னுது. கடைசில என் விரல்தான் அழுத்துச்சு. சீரிஸ்லயும் ஜோயல் அதே டாக்டரைத்தான் சுடுறான், நல்லாவே எடுத்திருக்காங்க, ஆனா அங்க தப்பு அவனோடது, இங்க எனக்கும் அதுல பங்கு இருக்கு. மூணாவது வாட்டி ஆடும்போதும் அந்த ரூமுக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் உள்ள போனேன்.

கதைல பாக்குறவங்களுக்கும் பங்கு இருக்கிறது எனக்குப் புதுசில்ல. ஆரணி பக்கம் எங்க ஆயா ஊர்ல திரௌபதியம்மன் கோயில் பாரதம் நடக்கும், பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்னிக்கு வேஷக்காரர் மரத்து மேல ஏறிப் பாடிகினே எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் வீசுவாரு, கொழந்த வரம் கேட்டு வந்தவங்க கீழ மடிய ஏந்திகினு நிப்பாங்க. துரியோதனன் சாவுற படுகளம் அன்னிக்கு மண்ணால செஞ்ச துரியோதனன் ஊர் நடுவுல படுத்திருப்பான், எல்லாம் முடிஞ்சதும் அந்த மண்ணைப் பிட்டுகினு போவாங்க. ஆயா அதை நெல்லு குதிர் மேல வெச்சிருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கதை தெரியாதவங்க யாரும் அங்க இல்ல, ஆனாலும் வருஷா வருஷம் போவாங்க, ஏன்னா அங்க அவங்களுக்கு ஒரு வேலை இருந்துச்சு.

அனிமேஷன்ல ஆர்கேன்ன்ற சீரிஸ் அப்படிப் புடிச்சுது, அதுலயும் எங்களுக்கு ஒரு வேலை இருந்துச்சு. 2021ல வாரத்துக்கு மூணு எபிசோடுன்னு மூணு வாரம் விட்டாங்க, காட்பாடில இருக்க ஃப்ரெண்டும் நானும் நடுவுல இருந்த நாளெல்லாம் அடுத்து இன்னா ஆகும்னே பேசிகினு இருந்தோம், மொத்தமா விட்டிருந்தா ஒரே ராத்திரில பார்த்து முடிச்சிருப்போம்.

கேம்ல ஒட்டகச்சிவிங்கி வர்ற எடம் ஒண்ணு இருக்கு. மொட்டை மாடிச் செவுத்துல சாஞ்சுகினு எல்லியும் ஜோயலும் பார்ப்பாங்க, நாம ஸ்டிக்கை அசைக்காத வரைக்கும் அங்கயே நிக்கலாம். சீரிஸ்லயும் அது வரும், ஆனா எடுத்தவங்க சீனை வெட்டும்போது முடிஞ்சிடும். போன மாசம் மூணாவது ஆட்டத்துல அந்த எடம் வந்ததும் கன்ட்ரோலரை அம்மா கையில குடுத்துட்டு, எப்ப போகணும்னு தோணுதோ அப்ப இதைத் தள்ளும்மான்னேன். "இன்னா அவசரம், இருடா"ன்னாங்க. கரண்ட் போற வரைக்கும் தள்ளவே இல்ல.