அழிக்கும் கேமராவா, சேர்த்து வைக்கும் கேமராவா?

நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் போலீஸ் கேமரா மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்துக்கு வந்தால், எந்த வகை வர வேண்டும்?

ஒரு வகை, பிளேட்டைத் திருட்டு வண்டிப் பட்டியலோடு ஒப்பிடும், பொருந்தாவிட்டால் அழித்துவிடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 3 நிமிடத்துக்குள் அழிக்கச் சட்டமே உண்டு. மோட்டார் திருடனைப் பிடிக்க இது போதும்.

இன்னொரு வகை எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். பிரிட்டனில் 12 மாதம் வரை. பழைய வழக்கைத் துப்புத் துலக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துக்கு இருப்பதோ ஒரே செம்மண் சாலை. விடிகாலை 5 மணிக்குப் பால்மரம் வெட்டப் போகும் அக்காவின் மோட்டார், வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில், மாதம் ஒருமுறை கிளினிக்கில், சங்கக் கூட்டம் நடந்த இரவு மண்டபத்துக்கு வெளியே... அவர் வாழ்க்கையே தேதி, நேரத்தோடு அதில் இருக்கும். அவர் என்ன குற்றம் செய்தார்?

மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அந்த வேலி இல்லாதவரை, அழிக்கும் கேமராவுக்கு மட்டுமே நான் சம்மதிப்பேன்.