பழைய அம்பாசிடரின் பின் பட்டைகள்: வளைவு கொடுத்துச் சில ஆண்டுகள் ஓட்டியபின்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1960களின் நடுவில் தயாரான என் அம்பாசிடர் மார்க் 2 காரின் பின்பக்கப் பட்டைகளை, அதாவது லீஃப் ஸ்பிரிங்காக அடுக்கிக் கட்டிய வளைந்த எஃகுத் தகடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்து, மறுபடி வளைவு கொடுத்துப் பூட்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மழைக்காலங்களும் நெடும்பயணங்களும் கடந்துவிட்டதால், அந்த வேலை எந்த அளவுக்கு நின்றிருக்கிறது என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து உருவான அம்பாசிடரில் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலைசெய்யும் டார்ஷன் பார் என்ற கம்பியும் பின்பக்கம் பட்டைகளும் இருக்கின்றன. பின் பட்டைகள் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை அதன் இடத்தில் பிடித்துவைப்பதும், சக்கரங்களின் உந்துவிசையை வண்டியின் உடலுக்குக் கடத்துவதும் அவையே. அவை தளர்ந்தபோது வண்டியின் வால் தாழ்ந்தது. ஓட்டுநர் அமரும் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கியது. பின் இருக்கையில் மூவர் அமர்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அச்சு ரப்பர்க் கட்டையில் இடித்தது. இரவில் முகப்பு விளக்கின் ஒளி சாலையை விட்டு மரக்கிளைகளுக்கு ஏறியது.

பட்டறைகளில் இதற்குக் கிடைக்கும் முதல் யோசனை, பட்டைகளின் கட்டோடு இன்னொரு பட்டையைச் சேர்த்துவிடலாம் என்பதுதான். அதை நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. தொய்ந்த பட்டை இழந்தது உயரத்தை, விறைப்பை அல்ல. பட்டையின் விறைப்பை அதன் நீளம், அகலம், தடிமன், எஃகின் மீள்தன்மை ஆகியவை தீர்மானிக்கின்றன. வளைவு குறைந்ததால் இவற்றில் எதுவும் குறிப்பிடும்படி மாறிவிடுவதில்லை. கூடுதல் பட்டை வால்பகுதியைத் தூக்கிக் காட்டும். ஆனால் கட்டு முழுவதையும் விறைப்பாக்கி, தனியாக ஓட்டிச் செல்லும்போது வண்டியைக் குதிக்கவைக்கும். அந்தக் குதிப்பை ஷாக் அப்சார்பரின் பழுது என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருப்பவர்களை நான் அறிவேன். தளர்ந்த வளைவுக்கு மருந்து வளைவுதான்.

தடிமன் குறைந்த பட்டையின் கதை வேறு. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், துருவால் தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு பட்டையையும் கம்பித் தூரிகையால் சுத்தம்செய்து, பல இடங்களில் அளந்து, விரிசல் இருக்கிறதா என்று சாயம் பூசிச் சோதிக்கச் சொன்னேன். குட்டைப் பட்டையின் முனை, தனக்கு மேலுள்ள நீளப் பட்டையின் அடிப்பக்கத்தில் அரித்துவைக்கும் பள்ளத்தைத் தனியே கவனிக்க வேண்டும். பட்டை முறிவது பெரும்பாலும் அப்படிப்பட்ட பள்ளத்திலோ, பட்டைகளை நடுவில் சேர்த்துக் கட்டும் சென்டர் போல்ட்டின் துளையிலோதான் தொடங்குகிறது. அவ்வாறு ஆழமாகத் தேய்ந்திருந்த பட்டைக்குப் பதிலாக, அதே அகலமும் தடிமனும் கொண்ட புதியதை வெட்டிப் போட்டோம். பட்டையில் வெல்டிங் வைப்பதை எந்நிலையிலும் ஏற்கக் கூடாது.

நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழில் வேரூன்றியிருப்பதால் பட்டை வேலை தெரிந்த கைகளுக்கு நம் ஊரில் குறைவில்லை. என்றாலும் லாரிப் பட்டையில் பழகியவர், காரின் மெல்லிய பட்டையைப் பொறுமையாகக் கையாள்வாரா என்று பார்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும். குளிர்ந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைப்பது விரைவான வழி, செலவும் குறைவு. ஆனால் அவ்வாறு பெற்ற உயரம் நெடுநாள் நிற்பதில்லை. கேஸ் விளக்கால் ஓரிடத்தை மட்டும் சூடாக்கி வளைப்பது அதைவிடக் கேடு. அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும். சிலிக்கன் மாங்கனீசு எஃகுப் பட்டையை உலையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சீராகச் சூடாக்கி, வளைவுக்கான மாதிரி அச்சுக்கு ஏற்ப வளைத்து, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பின்னர் 400 முதல் 550 டிகிரிக்குள் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துவதே முறை. நான் தேர்ந்தது இதைத்தான். செலவு கூடினாலும் இதில் சமரசம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குட்டைப் பட்டைகளுக்கு, மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டையைவிடச் சற்று அதிக வளைவு இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினேன். சென்டர் போல்ட் இறுகும்போது இடைவெளிகள் மூடிக்கொண்டு, மெயின் பட்டை சுமக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கீழுள்ளவை பகிர்ந்துகொள்வது அந்த வேறுபாட்டால்தான். கட்டு முடிந்ததும் பிரஸ்ஸில் வைத்துச் சில முறை முழுதாக அமுக்கி எடுத்தபிறகே உயரத்தை அளந்தார்கள்.

பூட்டும்போது, பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளும் பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களும் புதியவை. பட்டையின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காமல், சக்கரங்கள் தரையில் ஊன்றி முழு எடையும் இறங்கியபிறகே இறுக்கினோம்; இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கியபோது, அவை சற்று இளகியிருந்தது தெரிந்தது. முகப்பு விளக்குகளின் கோணத்தையும் அப்போதே திருத்திவிட்டோம்.

முதல் சில மாதங்களில் வால் கொஞ்சம் இறங்கியது, அது எதிர்பார்த்ததே. அதன்பின் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அவ்வப்போது அளந்துவருகிறேன்; இரு பக்கமும் ஒத்தே இருக்கின்றன. குடும்பத்தோடும் பெட்டிகளோடும் போனாலும் அச்சு இடிப்பதில்லை. தனியாகப் போகும்போது பழைய மென்மையும் குறையவில்லை. பட்டைகளுக்கிடையே தடவிய கிராஃபைட் கிரீஸ் மட்டும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் புழுதியோடு கலந்து இறுகி, கிறீச்சிடத் தொடங்குகிறது. அப்போது வண்டியின் உடலை ஜாக்கியில் தூக்கி, பட்டைகள் விலகிய இடைவெளியில் துடைத்துப் புதிதாகத் தடவுகிறேன். பின்முனை ஷேக்கிளில் ஒரு புஷ் வெடிக்கத் தொடங்கியிருப்பதால், அதை மட்டும் இந்த ஆண்டு மாற்ற வேண்டியிருக்கிறது.