ஃபோர்ஹேண்ட்: மணிக்கட்டை இறுக்குவதா, தளர விடுவதா?

நுவரெலியாவில் டென்னிஸின் ஃபோர்ஹேண்ட் அடியை (உள்ளங்கை முன்னோக்க அடிப்பது) பழகுகிறவர்களிடம் இரண்டு வழிகளைக் காணலாம். ஒன்று, மணிக்கட்டைப் பின்னால் மடித்து இறுக்கிக்கொண்டு இடுப்பாலும் தோளாலும் தள்ளுவது. மற்றது, மணிக்கட்டைத் தளர விட்டு, மட்டையின் தலை பின்தங்கி வர, முன்கையைச் சுழற்றிப் பந்தின் பின்புறத்தை மேல்நோக்கித் துடைப்பது.

இறுக்கும் வழி சீக்கிரம் கைவரும். மட்டை முகம் ஆடாது. எதிராளி ஆட்டத்தைத் தொடங்க அடிக்கும் வேகமான சேர்வ் பந்தைத் திருப்ப இதுவே போதும். சொஃப்ட்போல் கிரிக்கெட் ஆடி வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதுதான் முதலில் பிடிபடும். ஆனால் பந்து தட்டையாகப் போகும். அங்கேதான் இடிக்கிறது: 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் கோட்டுக்குள் விழும் அடி இங்கே வெளியே பறக்கும். (1,219 மீற்றருக்கு மேல் ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் தனி வகைப் பந்தை வைத்திருக்கிறது, அது கைக்குக் கிடைப்பது வேறு கதை.)

சுழற்றும் வழியில் டொப்ஸ்பின் (பந்து முன்பக்கமாக உருளும் சுழற்சி) பந்தைக் கீழே இழுக்கும். மெல்லிய காற்றில் அந்த இழுவையும் குறைவதால், இன்னும் கூடுதலாகவே சுழற்ற வேண்டும். ஸ்பெயின் வீரர் ரஃபேல் நடாலைப் பார்த்து மணிக்கட்டைச் சொடுக்குவது வேறு, இது வேறு. பந்து படும் கணத்தில் அவருக்கும் மணிக்கட்டு பின்மடிந்தே இருந்தது. சுழற்சி முன்கையிலும் மேல்கையிலும் இருந்து வருகிறது.

மலைநாட்டுக்கு என் தெரிவு சுழற்றுவதுதான். காலைக் குளிரில் மட்டும், முன்கை சூடேறும்வரை மெதுவாக அடியுங்கள். பிடியை இறுக்கினால் முழங்கைதான் முதலில் வலிக்கும்.