பையில் பட்டன் போன், வீட்டில் திறன்பேசி

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூர் ஈசூனில் பேருந்தைவிட்டு இறங்கும்போது என் திறன்பேசி கைநழுவி விழுந்தது. பின்னால் வந்தவர் மிதித்தும்விட்டார், பாவம். அன்றிரவே புதிது வாங்கி சிம்மை மாற்றிப் போட்டேன். வாட்ஸ்அப், படங்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. வங்கிச் செயலி மட்டும் வழிவிடவில்லை. புதுக் கருவியில் டோக்கன் (நான்தான் என்று வங்கிக்கு உறுதிசெய்யும், செயலிக்குள் இருக்கும் மின்சாவி) உயிர்பெறக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2022இல் மோசடிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலை ஊரில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து; பணம் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மனைவியின் கணக்கிலிருந்து அனுப்பினோம். அந்தக் கதையை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் பட்டன் போன் வாங்கினேன். ஏழு மாதமாக சிம் அதில் இருக்கிறது. திறன்பேசி வீட்டு வைஃபையில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

வழக்கமாகச் சொல்வதை முதலில் முடித்துவிடுகிறேன். பட்டன் போனின் பேட்டரி நாலைந்து நாள் தாங்கும். எம்ஆர்டி ரயிலில் கழுத்து நிமிர்ந்திருக்கும். திறன்பேசியில் வரைபடம், கேமரா, அம்மாவோடு வீடியோ அழைப்பு. சரி.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அலமாரியில் கிடக்கும் பழைய நோக்கியா உதவாது. இங்கே 2ஜி சேவை 2017 ஏப்ரலிலேயே போய்விட்டது, 3ஜியை 2024இல் மூடத் தொடங்கினார்கள். 4ஜியில் குரல் அழைப்பு செய்யக்கூடிய பட்டன் போனாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையிலேயே சிம்மைப் போட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: வீட்டுச் சாவிக்கொத்தை எங்கே வைப்பது? இந்த ஊரில் திறன்பேசி என்பது தொலைபேசி மட்டுமா? அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் அதில், வங்கி டோக்கன் அதில், கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் பேநவ் அதில், அடையாள அட்டையின் மின்வடிவம்கூட அதில். இத்தனையையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேக்கா சந்தைக் கூட்டத்தில் நடந்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பட்டன் போன் தொலைந்தால் சிம்மை முடக்கி, புதிது வாங்கினால் முடிந்தது; டோக்கன் வீட்டில் அப்படியே இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. 2023இல் ஆண்ட்ராய்டு போன்களில் போலிச் செயலியை இறக்கவைத்து, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைத் திருடிய மோசடிகள் நினைவிருக்கும். குறுஞ்செய்தி வேறு கருவிக்கு வந்தால் அந்தச் செயலிக்கு அது தெரியாது. ஆனால் 2024இல் வங்கிகள் உள்நுழைவுக்கு ஓடிபியைக் கைவிட்டு டோக்கனுக்கு மாறத் தொடங்கியதால், இந்த லாபம் பாதியாகிவிட்டது. டோக்கன் இருக்கும் திறன்பேசியிலேயே போலிச் செயலி புகுந்தால் என் ஏற்பாடு எவ்வளவு காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நஷ்டங்களும் உண்டு. பேருந்து எப்போது வரும் என்பது வந்தால்தான் தெரியும். உணவங்காடியில் ரொக்கம் வேண்டும். பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எப்போதும் வைத்திருக்கிறேன். பேருந்துக்கும் ரயிலுக்கும் ஈஸி-லிங்க் அட்டை போதும், நிலையத்து இயந்திரத்தில் பணம் ஏற்றிக்கொள்கிறேன். கடைகளில் செலவழிக்க அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டுதான் கொஞ்சம் இடைஞ்சல், அது திறன்பேசிக்குத்தான் வரும். திறன்பேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்தில் அச்சிட்டு வாங்கலாம். என்னிடம்தான் ஒன்று இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, கடைக்குப் போகும்போது மனைவியிடம் தள்ளிவிடுகிறேன். நண்பர்கள் தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி என் பட்டன் போனில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அது வேறு.

நான் துவாஸில் ஒரே கிடங்கில் உட்கார்ந்து கணக்கு பார்ப்பவன். உணவு விநியோகம் செய்பவருக்கோ, வாடகைக் கார் ஓட்டுபவருக்கோ இதெல்லாம் வெட்டிப் பேச்சு. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு எப்படி என்று எனக்கு அனுபவமில்லை. மனைவியும் மாறவில்லை, மாறச் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவுக்கு இரவு எட்டு மணிக்குமேல், வீட்டுக்கு வந்துதான் பதில் போடுகிறேன். மேலாளர் இதுவரை எதுவும் சொல்லவில்லை. அவசரம் என்றால் கூப்பிடுகிறார். ஏழு மாதத்தில் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்.