ட்ரெயின் போல்ட் மரை போனால்: பெரிய போல்ட்டா, புஷ்ஷா, புதுச் சேம்பரா?

கார் இன்ஜின் ஆயிலை மாற்றி முடித்து, ட்ரெயின் போல்ட்டை, அதாவது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அடி போல்ட்டை, கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தேன். இறுக வேண்டிய ஸ்பானர் சட்டென்று இளகியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரையில் வெள்ளி ஸ்பிரிங் மாதிரி அலுமினியச் சுருள் சுற்றிக்கொண்டு வந்தது. போல்ட் எஃகு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் ஆயில் சேம்பர் அலுமினியம்; போவது சேம்பரின் மரைதான். பல சின்னக் கார்களில் இந்த போல்ட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். 25 செ.மீ. ஸ்பானரின் நுனியில் அது 14 முதல் 16 கிலோ அழுத்தம்தான். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுக்கும்போது அதைத் தாண்டிவிடுவது மிகச் சுலபம்.

டெஃப்லான் டேப் சுற்றுவதையும் பசை வைத்து அடைப்பதையும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மரை பிடிக்காத போல்ட் ஓட்டத்தில் அதிர்ந்து விழுந்தால் மூன்று, நான்கு லிட்டர் ஆயிலும் சாலையில் போய்விடும். ஆயில் விளக்கு எரிவதைப் பார்த்து ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் பேரிங் அடி வாங்கியிருக்கும்.

உண்மையான போட்டி மூன்று வழிகளுக்குள்தான்.

பெரிய போல்ட் எல்லாவற்றிலும் மலிவு. 14 மி.மீ. போல்ட் இருந்த இடத்தில், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் சற்றே பருமனான போல்ட்டைப் போடுவார்கள். பத்து நிமிட வேலை. ஆனால் அது நேராக ஏறுவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. துளி கோணினாலும் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், மறுபக்கம் கசியும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மெல்லிய அந்தப் புது மரை இன்னும் தேயும். அதனால் நடுவில் சின்ன போல்ட் ஒன்று தனியாக உள்ள வகையை வாங்குங்கள். பெரியதைத் தொடாமல், சின்னதை மட்டும் கழற்றி ஆயில் வடிக்கலாம். அடுத்த ஆயில் மாற்றம் வரை ஓட்ட இந்த வழி சரி. பத்து வருடம் வைத்திருக்க நினைக்கும் வண்டிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

புஷ் என்பது போன மரைக்குப் பதிலாக ஓட்டைக்குள் இறக்கும் எஃகு மரை; அதில் இரண்டு ரகம். ஹெலிகாயில் என்பது எஃகுக் கம்பிச் சுருள். ஓட்டையைப் பெரிதாக்கி, டேப் என்ற மரை வெட்டும் கருவியால் புது மரை அடித்து, சுருளை முறுக்கி இறக்குவார்கள். சரியாக உட்காராவிட்டால் அடுத்த முறை போல்ட்டோடு சேர்ந்து சுருளும் வெளியே வரும். மற்றது கெட்டியான எஃகுப் புஷ், விளிம்பு வைத்தது. வாஷர் அந்த விளிம்பின் மேல் சமமாக உட்காரும். திரும்பத் திரும்பக் கழற்றப்படும் போல்ட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். எஃகோடு எஃகு என்பதால் அலுமினியத்தின் பலவீனம் போல்ட்டைத் தொடுவதே இல்லை. பழைய அளவு போல்ட்டையே மறுபடி போடலாம்.

இதில் பயப்பட வேண்டியது துருவல்தான். சேம்பரைக் கழற்றாமல் டேப் அடித்தால் துகள் உள்ளே விழும். ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையைத் தாண்டும் பொடி ஃபில்டருக்குப் போவதற்கு முன்பே ஆயில் பம்ப்புக்குள் போய்விடும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, அரைச் சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். முடிந்ததும் அரை லிட்டர் ஆயிலை மேலே ஊற்றி ஓட்டை வழியாக ஓடவிடுங்கள். என் வண்டியில் அந்த ஆயிலை வெள்ளைத் துணியில் பிடித்தேன். முதலில் நாலைந்து மினுக்கம் தெரிந்தது. இரண்டாவது முறை ஊற்றியபோது துணி சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் புஷ்ஷை இறக்கினேன்.

புதுச் சேம்பர் சந்தேகமே இல்லாத தீர்வு. ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் வேறு வழியும் இல்லை. அங்கே புஷ் நிற்காது. செலவும் வேலையும்தான் பெரிது. சில வண்டிகளில் சைலன்சர் குழாயையே இறக்க வேண்டும். சேம்பர் விளிம்பை இன்ஜினோடு ஒட்டும் பழைய சிலிகானை ஒட்டின்றிச் சுரண்டி, புதியதைத் தடவி, ட்யூபில் போட்டிருக்கும் நேரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் போல்ட்டில் நின்ற கசிவு விளிம்பு முழுக்கத் தொடங்கும். எந்த வழியானாலும் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

உங்கள் வண்டியின் சேம்பர் தகரமாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதில் மரை இருப்பது பற்றவைத்த நட்டில். தகரச் சேம்பர் பெரும்பாலும் அலுமினியத்தைவிட மலிவு என்பதால், அங்கே புஷ்ஷுக்கு மெனக்கெடாமல் நேராக மாற்றிவிடலாம்.

என் வண்டியில் போட்டது விளிம்பு வைத்த புஷ். அன்றிரவு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தேன். காலையில் ஒரு சொட்டு இல்லை. அதன்பின் இரண்டு முறை ஆயில் மாற்றியாகிவிட்டது, இரண்டு முறையும் புது வாஷர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 35 நியூட்டன் மீட்டர்.