டீன்ஏஜ் பருவுக்கு எந்த ஜெல்: அடாபலீனா, பென்சாயில் பெராக்சைடா?

பதினான்கு வயதில் என் மகளுக்கு நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு கிளம்பியது. தோல் மருத்துவர் இரண்டு வழி சொன்னார்: பென்சாயில் பெராக்சைடு 2.5% அல்லது அடாபலீன் 0.1%. இரண்டும் முகத்தில் தடவும் ஜெல்தான். நாங்கள் எடுத்தது அடாபலீன். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

பென்சாயில் பெராக்சைடு பருவில் பெருகும் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போவதுபோல இதற்குக் கிருமி பழகிப்போவதில்லை. சிவந்து சீழ் வைத்த பருவுக்கு நல்ல மருந்து. 5%, 10% என்று தேடிப் போக வேண்டாம். 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைத் தரும், எரிச்சலும் குறைவு. துணியை வெளுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கலர் துண்டிலும் தலையணை உறையிலும் பட்டால் திட்டுத்திட்டாகச் சாயம் போய்விடும்.

அடாபலீன் வேலை செய்யும் இடமே வேறு. பருவ வயதில் ஆன்ட்ரோஜன் ஹார்மோன் ஏறியதும் முகத்தில் எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. இறந்த செல்கள் அதோடு சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. அந்த அடைப்பு பருவாகக் கண்ணில் படுவதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அடாபலீன் அடைப்பு விழுவதையே தடுக்கிறது. அதனால் பரு வந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் போதாது, பரு வரும் பகுதி முழுக்கத் தடவ வேண்டும். அமெரிக்காவில் 2016 முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்த 0.1% ஜெல்லை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

சரி, இதில் சிக்கல் எங்கே? முதல் மாதத்தில்தான். மூக்கோரம் தவிடு தவிடாகத் தோல் உரியும், சிரித்தால் கன்னம் இழுக்கும், பரு குறைவதற்குப் பதில் கூடியதுபோலக்கூடத் தெரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஸ்கூலில் ஆண்டு விழா நெருங்கும் நேரத்தில் இதைப் பொறுத்துக்கொள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது லேசில்லை. பாதியில் விட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் விட்டவர்கள்தான்.

எங்களைக் கரை சேர்த்தது தடவும் முறை. ராத்திரி முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதடு பக்கம் போகக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மேலே மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். அப்புறம், பரு அடங்கிய பின்னும் நிறுத்தாமல் தொடர வேண்டும். புதுப் பரு வராமல் காப்பதற்கும் இதே ஜெல்தான் என்பதால் என் ஓட்டு இதற்கு. நம் நிறத்துக்குப் பரு போனாலும் கருப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அதை மங்கச் செய்வதிலும் அடாபலீன் கொஞ்சம் கைகொடுக்கிறது.

எலுமிச்சை, பற்பசை எல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும். அதைவிட ஆபத்து, தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள். நாலு நாளில் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு அந்த ஸ்டீராய்டே பருவைக் கிளப்பும். பிள்ளைகளின் முகத்தில் தயவுசெய்து அதைப் பூசாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு இருந்தது பெரும்பாலும் கரும்புள்ளியும் (பிளாக்ஹெட்) வெண்புள்ளியும் (ஒயிட்ஹெட்). முதுகில் வரும் பருவிலும், ஆழத்தில் கட்டி கட்டியாக வந்து வலிக்கும் பருவிலும் எனக்கு அனுபவம் இல்லை. கட்டிப் பரு குழி விழுந்த தழும்பாகிவிடும் என்பதால், ஜெல்லை நம்பி மாதங்களை ஓட்டாமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். சீழ்ப் பருவும் புள்ளிகளும் சேர்ந்தே இருந்தால் இரண்டு மருந்தும் கலந்த ஜெல் உண்டு, அது ஒத்துவருமா என்று அவரிடமே கேட்கலாம்.