பயணக் காப்பீட்டில் கேட்ஜெட் கவர்: ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கு எவ்வளவு தேறும்?

பயணக் காப்பீட்டு விளம்பரத்தில் 'உடைமைகள் இழப்பு' என்று ஒரு வரி இருக்கும், எதிரே கண்ணைப் பறிக்கும் ஒரு தொகை. அதை நம்பி லேப்டாப், கேமரா, ஹெட்போன் என்று பையை நிரப்பினால் ஏமாற்றம்தான். இந்தப் பாலிசிகளின் பலம் மருத்துவச் செலவு, பயண ரத்து போன்றவை. அவற்றுக்காகத் தாராளமாக வாங்கலாம். கேட்ஜெட் என்று வந்ததும் கை சுருங்கிவிடும். ஆன்லைனில் வாங்கிய கேட்ஜெட் என்றால் ஆவணத்திலும் இடறும்.

முதலில் தொகைக் கணக்கு. பெரிய எழுத்தில் போட்டிருப்பது எல்லா உடைமைகளுக்கும் சேர்த்த உச்சவரம்பு. அதற்குள் 'விலைமதிப்புள்ள பொருள்கள்' என்று தனி வரம்பு. நகை, கைக்கடிகாரம், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அதில்தான் அடங்கும். அதற்குள்ளும் 'ஒரு பொருளுக்கு இவ்வளவு' என்று இன்னொரு வரம்பு. உங்களைத் தொடுவது இந்தக் கடைசி எண்தான். உதாரணத்துக்கு, 100 கொடுத்து வாங்கிய லேப்டாப் 2 ஆண்டு ஓடியிருக்கிறது. தேய்மானம் 40 போக மதிப்பு 60. ஒரு பொருள் வரம்பு 30. உங்கள் பங்குத் தொகை (டிடக்டிபிள், அதாவது இழப்பில் நீங்களே ஏற்க வேண்டியது) 5. கைக்கு வருவது 25. பங்குத் தொகையை மதிப்பிலிருந்து கழிக்கிறார்களா, வரம்பிலிருந்து கழிக்கிறார்களா என்பதைப் பாலிசி வாசகத்தில் பாருங்கள். முதல் வகையென்றால் 60-இல் 5 போய் 55, அது வரம்பைத் தாண்டுவதால் முழு 30-ம் கிடைக்கும். கேமராவுக்கு இன்னொரு கண்ணி உண்டு: உடல், லென்ஸ், ஃபிளாஷ் மூன்றையும் 'ஒரே செட்' என்று சொல்லி ஒரே பொருள் வரம்பில் அடக்கிவிடும் பாலிசிகள் பல. இயர்பட்ஸில் ஒரு காது மட்டும் தொலைந்தாலும் இதே விதிதான் குறுக்கே வரும்.

சில பாலிசிகளில் மொபைல் ஃபோனுக்கு இடமே இல்லை. ட்ரோனும் அப்படித்தான். அலுவலகம் கொடுத்த லேப்டாப் உங்கள் உடைமை ஆகாது என்பதால், அதைத் தனியாகச் சேர்க்காதவரை கவர் கிடையாது. ஸ்க்ரீன் கீறல், தானாகப் பழுதாவது, பேட்டரி வீங்குவது, உள்ளிருந்த படங்கள் அழிந்துபோவது எல்லாமே வழக்கமான விலக்குகள்.

ஆன்லைனில் வாங்கியதால் என்ன சிக்கல்? நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 'உங்கள் ஆர்டர் உறுதியானது' என்ற மின்னஞ்சலும் ஆர்டர் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும்தான். க்ளெய்ம் மேசையில் இவை எடுபடும் என்று எண்ண வேண்டாம். ஆர்டரை ரத்து செய்திருக்கலாம், பொருளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்பது காப்பீட்டு நிறுவனத்தின் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. அவர்கள் கேட்பது இன்வாய்ஸ். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி, மாடல், தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். சந்தைத் தளங்களில் விற்பவர் வேறு, தளம் வேறு. விற்பவர் கடையை மூடிவிட்டால் பிறகு இன்வாய்ஸ் நகல் கேட்டு வாங்குவது பெரும்பாடு. பொருள் வந்த அன்றே பிடிஎஃப்-ஐத் தரவிறக்கி வைப்பது உத்தமம்.

அடுத்தது எண். இன்வாய்ஸில் ஐஎம்இஐ (ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய தனி அடையாள எண்) அல்லது சீரியல் எண் இல்லையென்றால், தொலைந்தது அந்தப் பில்லுக்குரிய பொருள்தான் என்று நிறுவ முடியாது. ஃபோனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ வரும். இரண்டு சிம் இருந்தால் இரண்டு எண்கள். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அதே எண் பார்கோடோடு இருக்கும். பெட்டியை எடைக்குப் போடும் முன் அந்த ஸ்டிக்கரை ஒரு படம், இன்வாய்ஸோடு சேர்த்து ஒரு படம். இரண்டையும் அந்த ஃபோனில் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை, சொல்லவே வேண்டாம்.

வீட்டில் இன்னொருவர் கணக்கில் ஆர்டர் போட்டிருந்தால் பில் அவர் பெயரில் வரும். காப்பீடு உங்கள் பெயரில். இந்தப் பொருத்தமின்மையால் க்ளெய்ம் இழுத்தடிக்கப்படும். பணம் கட்டிய வங்கிக் கணக்கு விவரமும் கையில் இருக்கட்டும். பழையதைக் கொடுத்து வாங்கியதாலோ தள்ளுபடிக் கூப்பனாலோ விலை குறைந்திருந்தால், கணக்கில் வருவது பெரும்பாலும் பில்லில் உள்ள தொகைதான், பெட்டியில் அச்சிட்ட விலை அல்ல. செகண்ட் ஹேண்டாகத் தனிநபரிடம் வாங்கியதைப் பல பாலிசிகள் தொடுவதில்லை. புதுப்பித்து விற்ற ஃபோனை, வாரண்டியோடு நிறுவனமே விற்றிருந்தால் மட்டும் ஏற்பவை உண்டு. வேறொரு நாட்டுத் தளத்திலிருந்து வரவழைத்ததா? 'வசிக்கும் நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும்' என்ற வரி கேட்ஜெட் பாலிசிகளில் அடிக்கடி தென்படும். பயணத்தின் நடுவே ஆர்டர் போட்டு ஹோட்டலுக்கு வரவழைப்பவர்களுக்கும் ஒரு சொல்: கூரியரில் இருக்கும்வரை அது உங்கள் பயண உடைமை அல்ல. வழியில் தொலைந்தால் விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆவணமெல்லாம் சரியாக இருந்தும் நிராகரிக்க வைப்பது 'கவனிப்பாரற்று விடப்பட்டது' என்ற விலக்கு. சார்ஜிங் பாயிண்டில் ஃபோனைச் செருகிவிட்டு நாலு அடி தள்ளி டிக்கெட் கவுண்டரில் நிற்கிறீர்கள். பார்வையில் இருந்தது என்பீர்கள் நீங்கள். கை நீட்டித் தடுக்கும் தூரத்தில் இல்லை என்பார்கள் அவர்கள். காரின் பின் இருக்கையில் வெளியே தெரியும்படி வைத்தது, கடற்கரையில் துண்டுக்கு அடியில் வைத்தது எல்லாம் இதே கதை. 'எங்கே போனதென்று தெரியவில்லை' என்று படிவத்தில் எழுதினாலும் வம்பு. திருட்டைத்தான் ஏற்பார்கள், விளக்கமில்லாத மறைவை அல்ல. அதற்காகக் கதை கட்டிவிடாதீர்கள். பொய் சொன்னது தெரிந்தால் முழு க்ளெய்மும் போய்விடும்.

செக்-இன் பையில் எலக்ட்ரானிக்ஸ் வைத்தால் பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடும். பவர் பேங்க் விஷயத்தில் விமான விதியே அதைத் தடுக்கிறது: உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் கைப்பையில்தான். 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. பவர் பேங்கில் போட்டிருக்கும் மில்லிஆம்ப்-ஹவரை (mAh) 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-ஹவர் கிடைக்கும்; 20,000 என்றால் 74. கேபினில் இடமில்லை என்று வாசலில் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பும்போது, பவர் பேங்கோடு லேப்டாப்பையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் செக்-இன் பையில் ஏதேனும் உடைந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் லக்கேஜ் கவுண்டரில் புகார்ப் படிவம் வாங்கிவிட வேண்டும். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பை சேதத்துக்கு எழுத்துப்பூர்வ புகார் 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பை கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள். விமான நிறுவனத்தின் பொறுப்புக்கும் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அமலில் இருக்கும் அளவு இது.

திருட்டென்றால் போலீஸ் அறிக்கை. பல பாலிசிகள் 24 மணி நேரம்தான் தருகின்றன. அறிக்கையில் 'கைப்பை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் உள்ளே இருந்த டேப்லெட்டுக்குக் காசு வராது. மாடலும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். சிம்மை முடக்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். தொலைவிலிருந்து ஃபோனைப் பூட்டலாம், ஆனால் ஃபோனைக் கண்டுபிடிக்கும் வசதியிலிருந்து (ஐஃபோனில் Find My) நீக்கிவிடாதீர்கள். ஆப்பிள் நிறுவனமே விற்கும் திருட்டுக் கவரில் க்ளெய்ம் முடியும்வரை அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கேட்ஜெட் ஆட்-ஆன் (பாலிசியோடு கூடுதல் பணம் கட்டிச் சேர்ப்பது) வாங்கலாமா? ஒரு பொருள் வரம்பு, பொருளின் இன்றைய மதிப்பில் பாதியையாவது தொட்டால் மட்டும் யோசிக்கலாம். மூன்று வருடப் பழைய ஃபோனுக்குத் தண்டம். கிரெடிட் கார்டில் வாங்கிய புதுப் பொருள் என்றால், கார்டோடு வரும் கொள்முதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில கார்டுகளில் வாங்கிய நாளிலிருந்து 90 நாள் வரை திருட்டுக்கும் சேதத்துக்கும் கவர் இருக்கும். இரண்டு காப்பீட்டிலும் முழுத் தொகை வாங்க முடியாது, பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

வாங்குமுன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மாடல் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: இது எந்தப் பிரிவில் வரும், ஒரு பொருள் வரம்பு எவ்வளவு, தேய்மானம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம், ஆன்லைன் இன்வாய்ஸ் போதுமா. தொலைபேசியில் சொல்லும் 'ஆமாம் சார், கவர் ஆகும்' என்பதற்கு மதிப்பில்லை.